பாதை புதுக்கிய தொண்டர்கள்

சேலம், நாமக்கல் சமவெளியில் பெருமழை பெய்து ஏரிக்கரை இளகுமானால், முற்காலத்தில் வீட்டிற்கு ஓராளாக ஊரார் மண்வெட்டியுடன் புறப்படுவர். கூலி கேட்பார் இலர். குடிமராமத்து என்பது அவ்வழக்கத்தின் பெயர். பொதுவானதைப் பலரும் கூடிப் பேணும் இவ்வறம் ஓர் இருப்புப்பாதையையும் காத்ததுண்டு. அது வேல்சு நாட்டில் நிகழ்ந்தது.

அந்நாட்டு மலைச்சரிவில் வெட்டியெடுத்த சிலேட்டுக் கற்களைக் கடற்கரை ஊருக்குக் கொணர, 1860களில் தாலிலின் என்னும் சிறிய இருப்புப்பாதை இடப்பெற்றது. தண்டவாளங்களின் இடைவெளி 2 அடி 3 அங்குலமே. நீளம் ஏறத்தாழ 7 மைல். 1946இல் கற்சுரங்கம் மூடப்பட்டது. பாதையின் உரிமையாளரான சர் ஹென்றி ஹேடன் ஜோன்ஸ் என்பார், அதன் பின்னும் தம் வாழ்நாள் வரையில் பயணிகள் வண்டியை நடத்தி, 1950இல் காலமானார். இனி இப்பாதை அழிந்தொழியும் என்றே பலரும் எண்ணினர்.

ரோல்ட் என்னும் எழுத்தாளர் அங்ஙனம் எண்ணினாரல்லர். அவரும் அவர்தம் நண்பரும் முயல, அவ்வாண்டு அக்டோபரில் பர்மிங்காம் நகரில் ஒரு கூட்டம் கூடிற்று. அதிலிருந்து தொண்டர் சங்கம் பிறந்தது. 1951 மே 14ஆம் நாள் அச்சங்கத்தின் பொறுப்பில் முதல் வண்டி ஓடிற்று. தொண்டர்களால் காக்கப்பெற்ற இருப்புப்பாதைகளுள் உலகில் முதலாவது இதுவே.

வண்டி ஓடிற்று, பாதையோ நலிந்து கிடந்தது. தண்டவாளங்கள் தேய்ந்திருந்தன, அவற்றைத் தாங்கும் குறுக்குக்கட்டைகள் உளுத்திருந்தன. கட்டை உளுத்தால் அதில் அறைந்த ஆணி தளரும். ஆணி தளர்ந்தால் தண்டவாளம் விலகும். தண்டவாளம் விலகினால் சக்கரம் தரையில் இறங்கிவிடும். பாதையில் அடர்ந்த புல்லே பல இடங்களில் தண்டவாளங்களைப் பிடித்து நிறுத்திற்று என்பர்.

வாரமெல்லாம் நகரங்களில் பணிபுரிந்தோர், ஓய்வுநாட்களில் வந்து கடப்பாரை ஏந்தினர். பழைய ஆணியைப் பிடுங்கி, உளுத்த கட்டையை அகற்றி, நீர் வடிய வழி செய்து, சல்லி பரப்பிப் புதுக்கட்டை இட்டனர். அதன்மேல் தண்டவாளத்தைப் பொருத்தி, இடைவெளியை அளவுகோலால் சரிபார்த்து, கட்டையின் அடியில் சல்லியை இறுக அடைத்தனர். பகலெல்லாம் உழைத்தாலும் செப்பமுறுவது சிறு தொலைவே. அளவு பிழைத்தால் பயணிகளின் உயிருக்கு ஏதமாம். ஆகவே ஆர்வம் மட்டும் போதாதென உணர்ந்து, தொழில் அறிந்தாரிடம் பணிந்து கற்றனர். 1948இல் மூடப்பட்ட அண்டைப் பாதையான காரிசிலிருந்து தண்டவாளங்களும் இரண்டு எஞ்சின்களும் வாங்கப்பெற்றன. ஆண்டுகள் பல உழைத்தபின் பாதை உறுதி பெற்றது. இன்றும் அதில் வண்டி ஓடுகின்றது.

பழைய சேலம் மாவட்டத்திலும் இத்தகைய சிறுபாதைகள் இருந்தன. பஞ்சக் காலத்தில் தானியம் கொண்டு செல்ல உதவுமென்று, திருப்பத்தூரிலிருந்து கிருட்டிணகிரிக்கு 1905இலும், மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இலும் அவை திறக்கப்பெற்றன. பின்னது ஓசூர் வரை நீண்டது. பின்னர் இரண்டும் மூடப்பட்டு, தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. அவற்றைக் காக்க முன்வருவார் ஒருவரும் இலர்.

ஒன்றைப் புதிதாகக் கட்டுவோரை உலகம் புகழும். கட்டியதைப் பேணுவோரை அத்துணை நினைப்பதில்லை. எனினும் முன்னோர் அமைத்த ஏரியும் பாதையும் பின்னோர்க்குப் பயன்படுவது, பெயர் வேண்டாது ஒவ்வொரு கட்டையாக மாற்றிய கைகளாலேயாம்.