ரசீதில் ஒரு வரி

சொத்து வரி ரசீதைக் கடைசி வரை வாசிப்பவர்கள் குறைவு. தொகையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு மடித்து வைத்துவிடுகிறோம். அதில் 'நூலக வரி' என்று தனியாக ஓர் இனம் உண்டு. சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. 1948-ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் கொடை அது. சுதந்திர இந்தியாவில் அவ்வகையில் முதல் சட்டம். அதன் பின்னால் எஸ். ஆர். ரங்கநாதனின் உழைப்பும், அன்றைய கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியாரின் அக்கறையும் இருந்தன. வரியை வசூலிப்பது உள்ளாட்சி அமைப்பு. அதைச் செலவிட வேண்டியது மாவட்ட நூலக ஆணைக்குழு. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் பணம் போய்ச் சேர்ந்ததா என்பதை, வரி கட்டிய மூன்றாமவர் எப்படி அறிவது?

எருமப்பட்டியிலும் கொல்லிமலை அடிவாரத்துச் சிற்றூர்களிலுமாக நாங்கள் ஏழெட்டுப் பேர், மாதம் ஒருமுறை கூடிப் புத்தகங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள். கோழிப்பண்ணை வைத்திருப்பவரும் உண்டு, சின்ன வெங்காயம் பயிரிடுபவரும் உண்டு. நூலகத்திற்குப் புதிய நூல்கள் ஏன் வருவதில்லை என்ற வழக்கமான புலம்பல் ஒருநாள் இந்தக் கேள்வியில் வந்து நின்றது. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனுவை அனுப்பினோம். ஐந்தாண்டுகளில் வசூலான நூலக வரி எவ்வளவு, ஆணைக்குழுவுக்குச் செலுத்தியது எவ்வளவு, எந்தத் தேதியில்? அவ்வளவுதான் கேட்டோம். எந்த அலுவலகம் என்பது இங்கு வேண்டாம். எருமப்பட்டியில் உள்ளது அல்ல.

முப்பது நாள் கடந்து வந்த பதில், இது நூலகத் துறை தொடர்பானது என்றது. நூலகத் தரப்பைக் கேட்டால், வசூலித்தவர்களைக் கேளுங்கள் என்றார்கள். தமக்குரியதல்லாத மனுவை ஐந்து நாள்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும் என்று சட்டத்தின் 6(3) பிரிவு சொல்கிறது. எங்கள் மனு மாற்றப்படவில்லை. நாங்கள்தான் அங்குமிங்கும் மாற்றப்பட்டோம். இடையில் நண்பர் ஒருவரின் வீட்டுக்குத் தொலைபேசியில் ஒரு விசாரிப்பு: "தம்பி எதுக்குங்க இதெல்லாம் கேக்கறாரு?" காரணம் சொல்ல வேண்டியதில்லை என்கிறது 6(2). ஆனால் தொலைபேசியை எடுத்தது நண்பரின் தாயார். அவருக்கு 6(2) தெரியாது. "நமக்கெதுக்கு சாமி வம்பு" என்று மகனிடம் அவர் சொன்ன ஒரு சொல்லில் அடுத்த கூட்டத்திற்கு நண்பர் வரவில்லை. முதல் மேல்முறையீட்டில் அவர் கையெழுத்தும் இல்லை.

நிற்க. தகவல் உரிமைக்குத் தமிழ்நாடு புதியதன்று. 2005-இல் மத்தியச் சட்டம் வருவதற்கு எட்டாண்டுகள் முன்பே, 1997-இல், இங்கு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. இருபதுக்கும் மேற்பட்ட விலக்குகளோடு வந்ததால், கதவைக் காட்டிவிட்டுச் சாவியைத் தராத சட்டமாக அது இருந்தது. உயிருள்ள சட்டம் வேறிடத்தில் பிறந்தது. 1994 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட் கிரானா என்ற ஊரில், அருணா ராய் முதலானோர் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன், பஞ்சாயத்துப் பணிகளின் கணக்கை மக்கள் நடுவில் உரக்க வாசித்தது. 1996-இல் பியாவரில் நாற்பது நாள் தர்ணா. வருகைப் பட்டியலில் யார் யார் பெயர் இருக்கிறது என்று வாசிக்க வாசிக்க, வேலைக்கே போகாதவர்கள் எழுந்து, "அது நான்தான், நான் போகவில்லை" என்றார்கள். மொத்தத் தொகையை மட்டும் வாசித்திருந்தால் யாரும் எழுந்திருக்கமாட்டார்கள் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

2005 சட்டத்தில் எங்களுக்கு மிகப் பிடித்தது 4-ஆம் பிரிவு. கேட்காமலே சொல்ல வேண்டியவற்றை அது பட்டியலிடுகிறது; உள்ளூர் மொழியில், அறிவிப்புப் பலகை முதல் இணையம் வரை எவ்வழியிலாவது சொல்லச் சொல்கிறது. இந்தச் சட்டத்தைப் பயன்படுத்த வேண்டிய தேவையே மக்களுக்கு மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. தன்னை நாடி யாரும் வரக்கூடாது என்று விரும்பும் சட்டம் வேறேதும் உண்டா, தெரியவில்லை. அப்படிப் பார்த்தால் எங்கள் மனுவே தேவைப்பட்டிருக்கக் கூடாது. நூலகச் சுவரில் ஒரு பலகை, ஆண்டுக்கு இரண்டு எண்கள், அது போதும்.

முடியாத காரியமா? 1980 வரை நிலக் கணக்கு கர்ணத்தின் வீட்டுப் பெட்டியில் இருந்தது. பரம்பரைப் பதவிகள் ஒழிக்கப்பட்டுக் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். இன்று வெங்காயக் காட்டு வரப்பில் நின்றபடி கைப்பேசியில் சிட்டாவைப் பார்க்கிறோம். அரசு மனம்வைத்தால் பெட்டி திறக்கும். நூலக வரிக்கு இன்னும் யாரும் மனம்வைக்கவில்லை, அவ்வளவே.

இதற்கிடையில் இன்னொரு பெட்டி மூடுகிறது. 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்து, தகவல் சட்டத்தின் 8(1) பிரிவில் ஆங்கில எழுத்து 'ஜே' தாங்கிய உட்பிரிவைச் சுருக்கிவிட்டது. முன்பு, பொதுப்பணியோடு தொடர்பற்ற தனிநபர் விவரத்தையே மறுக்க முடியும். நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததை எவருக்கும் மறுக்கக் கூடாது என்ற வாசகமும் துணையிருந்தது. இப்போது தனிநபர் விவரம் என்பதே மறுக்கப் போதுமான காரணம். பொதுநலன் பெரிதெனில் தரலாம் என்னும் 8(2) எஞ்சியிருக்கிறது. ஆனால் எடை போடுபவர் அதே அதிகாரிதான். கோட் கிரானாவில் வாசித்த பெயர்களை இனிக் கேட்டால் என்ன பதில் வரும்?

எங்கள் கேள்வியில் பெயர் ஏதுமில்லை. முதல் மேல்முறையீட்டுக்குப் பின் இரண்டு தாள்கள் வந்தன. வசூலான தொகைகள் ஆண்டுவாரியாக இருந்தன. 'செலுத்திய தேதி' என்ற பத்தியில் ஐந்து ஆண்டுகளுக்கும் சேர்த்து ஒரே சொல்: 'நடவடிக்கையில்'. மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு செய்ய 90 நாள் அவகாசம் உண்டு. வரைவு தயாராகிவிட்டது. கூட்டத்துக்கு வராதிருந்த நண்பரிடம் அதைக் கொடுத்திருக்கிறோம், பிழை பார்ப்பதற்காக மட்டும்.