அம்பாசடருக்கு முதுகுவலி!

குடும்பத் தலைவருக்கும் அம்பாசடர் காருக்கும் ஒரு ஒற்றுமை உண்டு சார். நிமிர்ந்து நிற்கிற வரைக்கும் ரெண்டு பேரையும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். முதுகு வளைந்த பிறகுதான், 'அடடா, எவ்வளவு சுமந்திருக்கு!' என்று உச்சுக் கொட்டுவார்கள்.

சின்னமனூரில் இருக்கும் என் தாய்மாமாவின் அம்பாசடர் அந்த ரகம். திராட்சைக் கூடை, உர மூட்டை, வீரபாண்டித் திருவிழாவுக்குப் பதினோரு டிக்கெட் (குழந்தைகள் கணக்கில் சேராது!) என்று ஏற்றி ஏற்றியே பின்பக்கம் தொய்ந்துவிட்டது. ஸ்பீட் பிரேக்கரைக் கண்டால் 'டங்'கென்று விழுந்து கும்பிடும்.

அம்பாசடர் தயாரிப்பே 2014-ல் நின்றுபோனது. நான் படித்த பி.காம். தேய்மானக் கணக்குப்படி இந்த வண்டியின் மதிப்பு பூஜ்யம். ஆனால், மாமாவிடம் அதற்கு ஒரே பதில்தான்.

"மாப்ளே, ஒங்கத்தைய தேனி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது ஒன் கணக்குப் புஸ்தகமா?"

அத்தைக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகி ரெண்டு மாதம். பஸ்ஸில் ஏறக்கூடாது. புது கார்களில் குனிந்து நுழைய முடியவில்லை. அம்பாசடரின் உயரமான சீட்டுதான் தோது. ஆனால், அந்த 'டங்'?

முதலில் பார்த்த மெக்கானிக், "ஷாக் அப்சர்பர் போச்சு. நாலையும் மாத்திருவோம்" என்றார். ஷாக் அப்சர்பர் வண்டியின் ஆட்டத்தை அடக்குமே தவிர, எடையைத் தாங்காது. தாங்குவது ஸ்பிரிங். அம்பாசடருக்கு முன்னால் டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பி. பின்னால் அடுக்கடுக்காக வில் பட்டைகள்.

அடுத்து தேனியில் ஒரு பட்டறைப் பெரியவர். முதலில் டயரில் காற்றைச் சரிபார்த்தார். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு வரை ரெண்டு பக்கமும் டேப் வைத்து அளந்தார். "பட்டை படுத்திருச்சுய்யா" என்றார்.

வைத்தியம் ரெண்டு சொன்னார்.

"எக்ஸ்ட்ரா பட்டை ஒண்ணு சொருகினா வண்டி நிமிந்துரும். செலவு கம்மி. ஆனா லோடு இல்லாதப்ப கல்லு மாதிரி குதிக்கும். இல்லேன்னா, மொத்தமா பிரிச்சு, பழையபடி வளைவு ஏத்திக் கட்டணும். ரெண்டு நாள் ஆகும், துட்டும் ஆகும். ஆமா, வண்டில யாரு போவாக?"

அந்தக் கடைசிக் கேள்விதான் சார் வைத்தியம்! விடிகாலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கம்பத்திலிருந்து மலையேறும் ஜீப் என்றால் சுமைதான் முக்கியம். இங்கே முக்கியம் அத்தையின் முதுகு.

மாமா யோசிக்கவே இல்லை. "ரெண்டாவது!" காய்கறிக் கடையில் கொசுறுக் கறிவேப்பிலைக்குக் கால் மணி நேரம் மல்லுக்கட்டுகிற மனுஷர்!

யூ போல்ட்டைக் கழற்றி, சென்டர் போல்ட்டைப் பிரித்ததும் துருவோடு பட்டைகள் உதிர்ந்தன. பழுக்கக் காய்ச்சி வளைத்து, எண்ணெயில் முக்கி, மறுபடி அளவாகச் சூடேற்றினார்கள். அப்படிச் செய்தால்தான் டெம்பர் நிற்குமாம். வெறுமனே சூடாக்கி வளைத்தால் சில மாதத்தில் திரும்பப் படுத்துவிடும். புஷ்ஷெல்லாம் புதுசு. ஒரு பக்கம் மட்டும் செய்தால் வண்டி சாய்ந்து நிற்கும் என்பதால் ரெண்டு பக்கமும் சேர்த்தே செய்தார்கள்.

இன்னொரு லாபம், ஹெட்லைட். பின்பக்கம் இறங்கினால் முன்விளக்கு வானத்தைப் பார்க்கும். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில், எதிரே வருகிறவரின் கண்ணைக் கூச வைத்தால் பள்ளத்துக்கு யார் பொறுப்பு? இப்போது வெளிச்சம் ஒழுங்காக ரோட்டில் விழுகிறது.

அடுத்த செக்கப்புக்குப் போய்த் திரும்பும்போது அத்தை வீரபாண்டி தாண்டித் தூங்கிவிட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு வண்டியில் அவர் தூங்கியது அன்றுதான். மாமா முப்பதைத் தாண்டாமல் ஓட்டினார், ஹாரன்கூட அடிக்காமல்!

பட்டறை பில்லை எந்தத் தலைப்பில் எழுதுவது, ரிப்பேர் செலவா, மூலதனமா என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மாமாவின் நோட்டைப் பார்த்தேன். எழுதியே வைத்துவிட்டார்:

'வள்ளி வைத்தியச் செலவு.'