சத்தமும் இழுவையும்

யாழ் நகரத்து உதிரிப்பாகக் கடைகளில் கண்ணைப் பறிப்பவை எல்லாம் எஞ்சினுக்கு வெளியே பூட்டுகிற சாமான்கள்தான். சிவப்பிலும் நீலத்திலும் கிளச் பிடிகள், கூம்பு வடிவக் காற்று வடிகட்டிகள், இரிடியம் பிளக், எல்.ஈ.டி. வெளிச்சப் பட்டிகள், கூரையிலிருந்து கொத்தாகத் தொங்கும் சைலன்சர்கள். சைலன்சரில் ஏதாவதொரு பெரிய ஐரோப்பியப் பந்தயக் கம்பனியின் பெயர் ஒட்டியிருக்கும். "ஒரிஜினலோ அண்ணை?" என்று ஒரு பெடியன் கேட்க, கடைக்காரர் சிரிக்காமல் சொன்னார்: "ஸ்ரிக்கர் ஒரிஜினல்." பெடியன் வாங்கிக்கொண்டு போனான்.

வாங்கிய சாமான் எங்கே பூட்டப்படுகிறது, பூட்டிய பிறகு என்ன ஆகிறது என்று பார்க்கத்தான் கொக்குவிலுக்குப் போனேன். கே.கே.எஸ். வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கைக்குள், மாமரத்துக்குக் கீழே தகரம் போட்ட கராஜ். பெயர்ப்பலகை கிடையாது. தாய்மாமனும் மருமகனும் நடத்துகிறார்கள். மாமனுக்கு அறுபது தாண்டிவிட்டது. அக்காவின் மகனான மருமகன் இருபதுகளில் இருக்கிறான். பெயர் போடவேண்டாம் என்றார்கள். நியாயம்தான்: பொலிஸ்காரரும் இவர்களுடைய வாடிக்கையாளர், பொலிஸ் மறிக்கிற பெடியளும் இவர்களுடைய வாடிக்கையாளர்.

முற்றத்தில் நின்ற வண்டிகளைப் பார்த்தாலே குடாநாட்டில் எந்தக் காலத்தில் எது ஓடியது என்று விளங்கும். சீற்றுக்குக் கீழே தாங்கி வைத்த ஹொண்டா சி 90. பக்கத்தில் சின்னச் சில்லுகளோடு ஒரு சாலி. ஜப்பானில் தபால்காரர்கள் ஓடிக் கழித்துக் கப்பலேறி வந்த எம்.டி. 90. இவை பழைய தலைமுறை. போர் முடிந்து ஏ9 திறந்து, லீசிங் கம்பனிகள் சந்திக்குச் சந்தி கடை விரித்த பிறகு வந்தவை மறுபக்கம்: பல்சர், டிஸ்கவர், யமஹா எஃப்.இசட்., ரீச்சர்மாரும் கந்தோருக்குப் போகிற பெண்களும் ஓடுகிற ஸ்கூட்டிகள். மூலையில் மண்பாதைக்கென்றே செய்த ஹொண்டா பாஜா ஒன்று, இரட்டை வட்ட விளக்கோடு நின்றது. மலையே இல்லாத ஊரில் இது எதற்கு என்று கேட்டேன்.

"மணற்காட்டுக்குப் போக" என்றான் மருமகன்.

"போனவையோ?"

"இன்னும் இல்லை."

அந்த நேரம் ஒரு பல்சர் 150 வந்தது. புதுச் சைலன்சர், புதுக் கூம்பு வடிகட்டி. முறைப்பாடும் புதுசு: கையை விட்டால் டப் டப் என்று வெடிக்கிறது, மேலே இழுவை இல்லை. மருமகன் எதுவும் கேட்காமல் பிளக்கைக் கழற்றி என் கையில் தந்தான். நுனி வெள்ளை வெளேரென்று இருந்தது. காற்று கூடி, பெற்றோல் குறைந்து எரிந்த எஞ்சினின் பிளக் அப்படித்தான் வெளுக்கும். பெற்றோல் கூடினால் புகைக்கரி பிடித்துக் கறுக்கும். இரண்டும் சரியென்றால் பிளேன்ரீ நிறம் வரவேண்டும்.

பழைய விக்ஸ் டப்பி ஒன்றைத் திறந்தான். உள்ளே பித்தளை ஜெற்றுகள். ஒவ்வொன்றின் தலையிலும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரிகிற ஓர் எண். அந்த எண் கூடக் கூட நடுத்துளை பெரிதாகும், காபரேற்றருக்குள் பெற்றோல் கூடுதலாகப் பாயும். ஒரு படி பெரிய ஜெற்றைப் பூட்டி, ஒழுங்கை முடிவில் இருக்கும் நேர் றோட்டுக்குக் கொண்டுபோனான். மூன்றாம் கியரில் முழுக்கை முறுக்கி ஓடி, ஓட்டத்திலேயே கிளச்சைப் பிடித்து எஞ்சினை நிறுத்தி, உருட்டிக்கொண்டு வந்து பிளக்கைக் கழற்றினான். மெதுவாக நிறுத்தினால் கடைசி நேரத்துப் புகை பிளக்கில் படிந்து பொய் சொல்லிவிடும். நிறம் போதவில்லை. இன்னொரு ஜெற், மறுபடி றோட்டு. பிறகு ஊசியின் கிளிப்பை ஒரு வரி இறக்கினான். வெயில் மாமரத்தைத் தாண்டிப் போன பிறகுதான் அந்த நிறம் வந்தது. வெடிச்சத்தம் நின்றது. இழுவையும் திரும்பியது.

மாமன் பிளக்கை வாங்கிப் பார்த்தார். "நல்லாச் செய்திருக்கிறாய். இவ்வளவும் செய்து எங்கை வந்து நிக்கிறம்? கொம்பனி விட்ட இடத்திலை."

மருமகனுக்குக் கோபம் வந்தது. அவன் பக்கத்திலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அடைப்பறைகள் இல்லாத சைலன்சர் புகையை இலகுவாக வெளியே விடும், அதற்கேற்பப் பெற்றோலையும் கூட்டினால் எஞ்சின் மேற்சுற்றில் கொஞ்சம் உயிர்க்கும். ஆனால் இந்த எஞ்சின் தருவதே 14 குதிரைவலு அளவுதான். அதில் 'கொஞ்சம்' என்பது எவ்வளவு? காதுக்குக் கூடிய அளவு சில்லுக்குக் கூடவில்லை என்பதுதான் நான் பின்னால் ஏறி இருந்து கண்டது.

கூம்பு வடிகட்டியில் மாமனுக்கு இருக்கிற வெறுப்பு வேறு காரணத்தால். கொக்குவில், உரும்பிராய், சுன்னாகம் எல்லாம் செம்மண். கம்பனி வைத்த வடிகட்டிப் பெட்டி தூசிக்கும் மழைக்கும் மறைவாக இருக்கிறது. கூம்போ எஞ்சினுக்குப் பின்னால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. மலிவுச் சாமானின் துணிக்குள்ளால் செம்மண் பொடி புகுந்தால் றிங்கும் சிலிண்டரும் உரசித் தேயும், பிறகு ஒயில் எரிந்து நீலப்புகை வரும். "உதாலை எங்களுக்கு நட்டமில்லை. போர் அடிக்கிற வேலை வருகுது" என்றார் மாமன், தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து பெருப்பிக்கிற வேலையைச் சொல்லி.

சைலன்சருக்குச் சட்டமும் உண்டு. வருடாவருடம் வரி அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். அந்தக் கிழமை கம்பனிச் சைலன்சர்கள் பரணிலிருந்து இறங்கும், பரிசோதனை முடியத் திரும்ப ஏறும். 2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டத்தோடு சேர்த்து, மேலதிகமாகப் பூட்டிய சாமான்களைக் கழற்றச் சொல்லிப் பொலிஸார் நாடெங்கும் வண்டிகளை மறித்தார்கள். பஸ்காரரும் முச்சக்கரவண்டிக்காரரும் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். சைலன்சர் பெடியள் பேசாமல் பரணுக்கு ஏறினார்கள்.

மாமன் தொழில் பழகியது சேர்ப்பதற்கு எதுவுமே கிடைக்காத காலத்தில். 1990 ஜூனில் சண்டை மீண்டும் தொடங்க, குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. பற்றரியும் உதிரிப்பாகமும் அரசின் தடைப்பட்டியலில் போயின. மண்ணெண்ணெய் மட்டும் பங்கீட்டில் கொஞ்சமும் வெளியில் கொள்ளை விலைக்கும் கிடைத்தது. கிணற்று இறைப்பு மெஷின்கள் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடுவதைக் கமக்காரர் ஏற்கெனவே பார்த்துப் பழகியிருந்தார்கள். அதே வித்தையை மோட்டார் சைக்கிளுக்குக் கொண்டுவந்தார்கள்.

கேட்கச் சுலபம். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, ஆவியாகாவிட்டால் பொறி பிடிக்காது. ஆகவே சின்னப் போத்தலில் பெற்றோல் வைத்து, குழாயால் காபரேற்றருக்குள் சில துளி விட்டு உதைப்பார்கள். சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்குத் திருப்புவார்கள். பிரச்சினை அதற்குப் பிறகுதான். மண்ணெண்ணெய் அமுக்கம் தாங்காது, நேரத்துக்கு முன்னரே வெடித்து எஞ்சின் 'டக் டக்' என்று தட்டும். அதற்குச் சிலிண்டர் தலைக்குக் கீழே இன்னொரு பக்கிங் வைத்து அமுக்கத்தைக் குறைத்தார்கள். எரியாமல் மிஞ்சிய மண்ணெண்ணெய் றிங் இடுக்கால் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கும். ஒயிலை அடிக்கடி மாற்றவேண்டும், மாற்றுவதற்கு ஒயிலும் இல்லை.

"இப்ப பெடியள் வலுவைக் கூட்டக் காசு குடுக்கினம். அப்ப வலுவைக் குறைக்கக் காசு வாங்கினனாங்கள்" என்றார். குறைத்துத்தான் ஓடவைத்தார்கள். என் கணக்கில் அதுவும் எஞ்சினை மேம்படுத்திய வேலைதான். ஓடாத வண்டிக்குக் குதிரைவலு எதற்கு?

அந்தச் சோதனைக்கு ஈடுகொடுத்தது ஹொண்டாவின் சுப்பர் கப் குடும்பம். 1958 இல் ஜப்பானில் தொடங்கி, 2017 இல் உலகம் முழுக்க 10 கோடி வண்டிகளைத் தாண்டிய குடும்பம் அது. பழைய சி 90 இன் சிலிண்டர் விட்டம் 50 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 45.6 மி.மீ., கொள்ளளவு 89.5 சிசி. தேய்ந்தால் கடைச்சலில் கால் மி.மீ. போர் அடித்து, அந்த அளவுக்குப் பெரிய பிஸ்டன் போடலாம். இருபத்தைந்து, ஐம்பது, எழுபத்தைந்து, நூறு என்று மெக்கானிக்மார் சொல்லுகிற அளவுகள் இவைதான். முழு மி.மீ. போனாலும் 93 சிசிதான் வரும், சாரதி அனுமதிப்பத்திரத்தின் 100 சிசி வரம்புக்குள் அடங்கிவிடும். தடைக்காலத்தில் பெரிய பிஸ்டன் கிடைக்கவில்லை. தேய்ந்த சிலிண்டருக்குள் வார்ப்பிரும்பில் சிலீவ் கடைந்து இறக்கி, பழைய பிஸ்டனுக்கே திரும்ப அளவெடுத்தார்கள்.

2022 இல் அந்தக் காலம் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. ஜூன் கடைசியில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். அதுவும் இல்லை. கியூ.ஆர். அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். பல்சரை மண்ணெண்ணெயில் ஓடவைக்கச் சொல்லிப் பெடியள் வந்தார்களாம். இந்த எஞ்சின்களுக்கு அமுக்கம் கூட, பிஸ்டன் தலை உடையும் என்று மாமன் திருப்பி அனுப்பினார். ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் பாய, கேட்டவர்களும் சைக்கிளுக்கு மாறினார்கள்.

மருமகனோடு வல்லை வெளிக்கு ஒருநாள் போனேன். முன் பல்லுச்சில்லைப் 14 இலிருந்து 15 பல்லுக்கு மாற்றிய எஃப்.இசட். ஒரு பல்லுக் கூட்டினால் அதே வேகத்துக்கு எஞ்சின் ஏறக்குறைய 7 வீதம் குறைவாகச் சுற்றினால் போதும். சமதரை ஊருக்கு ஏற்ற மாற்றம் என்றுதான் தோன்றும். போகும்போது அப்படித்தான் இருந்தது. நெல்லியடியிலிருந்து திரும்பும்போது சோழகக் காற்று முகத்துக்கு நேரே. மறைப்புக்கு ஒரு மரமில்லாத உவர்வெளி. மேல் கியரில் வண்டி சோர்ந்து சோர்ந்து இறங்க, கீழ்க் கியருக்கு வந்துதான் ஓடமுடிந்தது. காற்றும் ஒரு மலைதான் என்பது கடைக்கண்ணாடிப் பெட்டியில் எழுதியிருப்பதில்லை.

நான் பார்த்ததிலேயே நன்றாக மாற்றிய வண்டி எந்தப் பெடியனுடையதும் இல்லை. பருத்தித்துறைப் பக்கத்து மீன் வியாபாரி ஒருவரின் பஜாஜ் சி.ரி. 100. பின் பல்லுச்சில்லு பெரிது, வேகம் போனாலும் ஐஸும் மீனுமாகப் பெட்டி நிறைந்த பாரத்தோடு இழுக்கும். பின்சில்லுக்குத் தடித்த கம்பிகள். சொக் அப்சோபர் கனமான வண்டியொன்றிலிருந்து கழற்றியது, அதைத் தாங்க இரண்டு பக்கமும் இரும்புத் துண்டு வைத்து ஒட்டியிருந்தது. சாய்கால் மணலில் புதையாமல் இருக்க அடியில் அகலத் தகடு. நான் குந்தியிருந்து பார்த்தது பெட்டியின் மூலையில் பூட்டிய மெல்லிய குழாயை. உப்பும் இரத்தமும் கலந்த ஐஸ் தண்ணீரைச் செயினில் படாமல் சில்லுக்குப் பின்னால் கொண்டுபோய் விடுகிறது. "உது இல்லாட்டி மூண்டு மாசத்திலை செயின் கறள்" என்றார் அவர். அந்தக் குழாயை எந்தக் கடையிலும் விற்பதில்லை.

இனி வருவது வேறு காலம். 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. அடுத்த மாதம் முதலாம் திகதி இந்தியாவில் பி.எஸ். 6 புகை விதி நடைமுறைக்கு வர, அங்கே பெரும்பாலான வண்டிகள் காபரேற்றரை விட்டு எரிபொருளை ஊசியால் பீய்ச்சும் முறைக்கு மாறின. 2025 இல் இறக்குமதிக் கதவு திறந்தபோது வந்திறங்கியவை அந்த வண்டிகள். அவற்றின் புகைக்குழாயில் ஒட்சிசன் உணரி ஒன்று இருக்கிறது. மலிவுக் குழாயில் அதற்குத் துவாரம் இராது. உணரியைக் கழற்றி வைத்துவிட்டால் மீற்றரில் எஞ்சின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். மருமகன் போனோடு இணைகிற சின்னக் கருவி ஒன்றை வாங்கிப் பழகிக்கொண்டிருக்கிறான். மாமன் பக்கத்தில் நின்று பார்க்கிறார். "விக்ஸ் டப்பியை இனி விக்ஸுக்கே வைப்பம்" என்கிறார்.

பல்சர் பெடியனுக்கு மாமன் துண்டில் கணக்கு எழுதிக் கொடுத்தார். ஜெற் விலை, கூலி. ஜெற் விலையைப் பெடியன் பார்க்கவே இல்லை.

"ஐயா, கூலி கொஞ்சம் கூடிப்போச்சு. ஒரு ஜெற் மாத்தினதுக்கோ?"

"சைலன்சர்க் கடையிலை குறைக்கச் சொல்லிக் கேட்டனீரோ?"

"அது ஃபிக்ஸ்ட் பிறைஸ் ஐயா."

மாமன் கூலியைக் குறைத்துத்தான் வாங்கினார். வண்டி ஒழுங்கையால் இரைந்துகொண்டு போனது. பின்னேரம் முழுக்கச் செய்த வேலைக்கு இவ்வளவுதானோ என்று கேட்டேன்.

"திரும்பி வருவார். செயின் தளர்ந்து கிடக்கு, பாக்கேல்லையோ?"