முளைத்தும் வளராத வேப்பங்கன்றுகள்

வேப்பங்கொட்டையைப் பழம் விழுந்த கையோடு போட்டால் அநேகமாக எந்த மண்ணிலும் முளைத்துவிடும். முதல் சில நாட்களுக்கான உணவு விதைக்குள்ளேயே இருக்கிறது. அது தீர்ந்து வேர் மண்ணை நாடும்போதுதான் மண்ணின் குணம் தெரியவரும்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட எங்கள் மாதர் சங்கம் ஒரு சிறிய நாற்றுமேடை வைத்திருக்கிறது. போன ஆடியில் பைகள் நிரப்ப இரண்டு இடத்து மண் வந்தது. ஒன்று அக்கா ஒருவரின் வளவு மண். மற்றது வள்ளங்களைக் கரையேற்றி, அடியைச் சுரண்டிப் பெயின்ற் பூசும் இடத்து மண். ஒரே மரத்துக் கொட்டை, ஒரே கிணற்றுத் தண்ணீர். இரண்டு மாதத்தில் வளவு மண்ணில் நின்றவை ஒரு சாண் வளர்ந்தன. மற்றவை நாலு விரல் உயரத்தோடு நின்றுவிட்டன. இலை நரம்பு பச்சை, இடையெல்லாம் மஞ்சள். பையைக் கிழித்துப் பார்த்தால் வேர் கட்டையாகத் தடித்துக் கறுத்திருந்தது, பக்கவேர் இல்லை.

"உவர் மண் பிள்ளை, வேற ஒண்டுமில்ல" என்றா பக்கத்து வீட்டு ஆச்சி. ஆனால் அந்த மண் மாரி முழுவதும் மழையில் கிடந்தது. உப்பென்றால் கழுவுப்பட்டிருக்கும், இலையும் நுனியிலிருந்து கருகியிருக்கும். வேரைப் பார்த்த ஓய்வுபெற்ற விவசாய ஆசிரியை ஒருவர் செம்பைத்தான் சந்தேகித்தார்.

பாசியும் சிப்பியும் பிடியாதிருக்க வள்ளத்தின் அடியில் பூசும் பெயின்ற்றில் செம்பு சேர்க்கிறார்கள். (பிரித்தானியக் கடற்படை 1780களிலேயே கப்பல்களின் அடியில் செம்புத் தகடு அடித்தது இதற்காகத்தான்.) செம்பும் நாகமும் மரத்துக்கும் வேண்டியவை, ஆனால் மிகச் சிறிதளவே. செம்பு கூடினால் வேர் நுனி வளராது, இரும்புச் சத்தும் இலைக்குப் போய்ச் சேராது. அந்த மஞ்சள் அதனால் வருவது. பழைய பெயின்ற்றில் ஈயமும் இருக்கும். ஈயம் எந்த உயிருக்கும் தேவையில்லாத பொருள்.

உலோகம் என்றதும் பயந்துவிடவும் கூடாது. எங்கள் மாவட்டத்துப் புல்மோட்டைக் கறுப்பு மணலில் இல்மனைட்டும் ரூட்டைலும் நிறைய உண்டு. அவற்றிலுள்ள தைத்தேனியம் மணலுக்குள் இறுகிக் கிடக்கிறது. தண்ணீரில் கரைவதில்லை என்பதால் வேருக்கு அதனால் பெரிய கேடில்லை. கரையக்கூடிய உலோகம் எவ்வளவு என்பதே கணக்கு. மண் புளித்தால் செம்பும் ஈயமும் கூடுதலாகக் கரையும். சுண்ணாம்பும் கூட்டெருவும் கலந்தால் ஓரளவு கட்டுப்படும். ஆனால் இலைகுழை போல அவை உக்கிப்போவதில்லை.

கன்று போனால் வேறு கன்று வைக்கலாம். எனக்குப் பயம் மிச்ச மண்ணைப் பற்றித்தான். அது பாலர் பாடசாலை மதிலோரம் குவிந்து கிடக்கிறது. என் பேத்தியும் அதில்தான் சோறு சமைத்து விளையாடுகிறாள். ஈயத்தில் பெரும்பகுதி செடியின் வேரோடு நின்றுவிடுமாம். குழந்தைக்கு அது கைவிரலில் ஒட்டிய தூசியாக வாய்க்குள் போகிறது. குழந்தையின் இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

குவியலைத் தறப்பாளால் மூடிக் கல் வைத்திருக்கிறோம். பொன்னாங்கண்ணி நட இரண்டு வாளி கேட்ட ஆச்சிக்கும் இல்லையென்று சொல்லியாயிற்று. அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதைத்தான் அடுத்த கூட்டத்தில் கதைக்க இருக்கிறோம்.