மணிலா மதிலுக்குள் நான்கு கோப்புகள்

மணிலாவுக்குச் செல்லும் பயணிகள் தவறாமல் பார்க்கும் இடம் இன்ட்ராமுரோஸ். பாசிக் ஆற்றங்கரையில் ஸ்பானியர்கள் எழுப்பிய கற்கோட்டை நகரம் அது. சான் அகுஸ்தின் தேவாலயம், சந்தியாகோ கோட்டை, குதிரை வண்டிச் சவாரி என்று அரை நாளில் சுற்றி வந்துவிடலாம். ஆனால், கையில் நீளமான பழுப்பு உறையுடன் விரைந்து நடப்பவர்களைப் பின்தொடர்ந்தால் சுற்றுலா வழிகாட்டிகள் காட்டாத ஒரு கட்டடம் வரும். அது பிலிப்பீன்ஸ் குடிநுழைவுத் துறையின் தலைமையகம்.

சிங்கப்பூருக்குக் குடிபெயரத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்துடன் இந்த நகரின் அலுவலகங்களுக்கு நான்கு நாள்கள் நானும் சென்றேன். அப்பாவுக்கு இங்கே வேலை உறுதியாகிவிட்டது. அம்மா, பத்து வயது மகள், ஆறு வயது மகன் மூவரும் சார்ந்திருப்போர் அனுமதி அட்டையில் வர வேண்டும். எம்ப்ளாய்மண்ட் பாஸ் வைத்திருப்பவரின் மாத வருமானம் குறைந்தது 6,000 வெள்ளி இருந்தால்தான் குடும்பத்தை அழைத்து வர முடியும். அந்தத் தடையை அவர்கள் தாண்டிவிட்டார்கள். மிச்சம் இருந்ததெல்லாம் தாள்கள்தான்.

ஒரு வீடு, நான்கு வழிகள்

அப்பா பிலிப்பீன்ஸ் குடிமகன், அவ்வளவுதான். அம்மா இலோயிலோவில் பிறந்தவர். தாதியாக அமெரிக்காவுக்குச் சென்று அந்நாட்டுக் குடிமகளானார். அப்போது பிறந்த நாட்டின் குடியுரிமை போய்விட்டது. மகள் கலிஃபோர்னியாவில் பிறந்ததால் மண்ணால் அமெரிக்கர், அப்பாவின் வழியில் பிலிப்பினோ. மகன் மணிலாவில் பிறந்தவன். அம்மா போதிய ஆண்டுகள் அமெரிக்காவில் வசித்திருந்ததால், ரோஹாஸ் பொலிவார்டில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தில் பதிந்து அவனுக்கும் இரண்டாவது கடப்பிதழ் வாங்கியிருந்தார்கள்.

ஒரே மேசையில் சாப்பிடும் நால்வருக்கு நான்கு விதமான கோப்புகள்!

அம்மாவின் கோப்புதான் இன்ட்ராமுரோசுக்கு வந்தது. 2003ஆம் ஆண்டின் குடியரசுச் சட்டம் 9225, பிறப்பால் பிலிப்பினோவாக இருந்து வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர்களுக்குத் திரும்பி வரும் வழியைத் திறந்தது. பிறப்புச் சான்றிதழையும் வெளிநாட்டுக் குடியுரிமைச் சான்றையும் கொடுத்து, வலக்கையை உயர்த்தி விசுவாச உறுதிமொழி எடுத்தால் போதும். அமெரிக்கக் குடியுரிமையைக் கைவிட வேண்டியதில்லை. சில மாதங்களுக்கு முன் அவர் அதை முடித்திருந்தார்.

“வெளியூர் போகும் நேரத்தில் எதற்கு உள்ளூர்க் குடியுரிமை?” என்று கேட்டேன்.

“போவதால்தான்,” என்றார். “வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டுதானே ஊருக்குப் போவோம்?”

வெளிநாட்டவராகவே இருந்தாலும் அவர் வந்து போகலாம். ‘பாலிக்பாயன்’ என்றால் ஊர் திரும்புபவர். முன்னாள் குடிமக்கள் விசா இல்லாமல் ஓராண்டு தங்க அந்தப் பெயரிலேயே ஒரு சலுகை உண்டு. ஆனால் அது விருந்தாளிக்குரிய காலக்கெடு. இலோயிலோவில் ஒரு துண்டு நிலத்தைத் தடையின்றி வாங்கவும் தேர்தலில் வாக்களிக்கவும் குடியுரிமை வேண்டும்.

பெயர் என்னும் சிக்கல்

அலைச்சலுக்குக் காரணம் சட்டம் அல்ல, பெயர்கள். 1849ஆம் ஆண்டில் ஆளுநர் கிளவேரியா, மக்களுக்கு நிலையான குடும்பப் பெயர் வேண்டும் என்று ஆணையிட்டு, பெயர்ப் பட்டியல் ஒன்றையே அச்சிட்டு ஊர் ஊராக அனுப்பினார். அல்பாய் மாநிலத்தின் ஓவாஸ் ஊரில் இன்றும் பலருடைய குடும்பப் பெயர் ‘ஆர்’ எழுத்தில் தொடங்குவது அதனால்தான். வரி வசூலிக்கவும் ஆளைக் கணக்கெடுக்கவும் வந்த ஏற்பாடு அது.

இன்று ஒரு பிலிப்பினோவின் முழுப் பெயரில் சொந்தப் பெயர், நடுவில் அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர், கடைசியில் அப்பாவின் குடும்பப் பெயர் என மூன்றும் இருக்கும். மகளின் அமெரிக்கச் சான்றிதழில் நடுப்பெயர் இடத்தில் அவளுடைய இரண்டாவது சொந்தப் பெயர் இருந்தது. பிலிப்பீன்ஸ் பதிவில் அங்கே அம்மா வீட்டுப் பெயர். ஒரே பிள்ளை, இரண்டு கடப்பிதழ்கள், இரண்டு பெயர்கள். அம்மாவுக்கு வேறு தொல்லை. அங்கே பல பெண்களின் பெயரில் மரியாவை ‘மா.’ என்று சுருக்கி எழுதுவார்கள். பிறப்புச் சான்றிதழில் ‘மா.’, அமெரிக்கத் தாள்களில் ‘மரியா’.

தலைப்பெழுத்தை விரித்தால் ஒரு பெயர், விரிக்காவிட்டால் வேறு பெயர் என்று அல்லாடும் நமக்கு இது புதிதா? ‘அப்பா பெயர்’ கட்டத்திலும் ‘குடும்பப் பெயர்’ கட்டத்திலும் ஒரே பெயரை நிரப்பியவர்கள் நம்மில் எத்தனை பேர்!

இருவரும் ஒருவரே என்று வழக்கறிஞர் முன் சத்தியம் செய்த பிரமாணப் பத்திரம்தான் அங்கே வழக்கமான தீர்வு. எழுத்துப் பிழையானால், 2001ஆம் ஆண்டின் சட்டம் 9048 வந்த பிறகு நீதிமன்றம் போகாமலே உள்ளூர்ப் பதிவதிகாரியிடம் திருத்தலாம்.

குறுக்கு வழியும் உண்டு. ரெக்டோ அவென்யூவில் பட்டச் சான்றிதழ் முதல் அடையாள அட்டை வரை போலியாகச் செய்துதருவார்கள் என்பது மணிலாவில் ஊரறிந்த ரகசியம். ‘ரெக்டோ பல்கலைக்கழகப் பட்டதாரி’ என்றே கேலி பேசுவார்கள். அந்தத் தெருவைக் கடந்தபோது அப்பா சிரித்தார், நிற்கவில்லை. எல்லைச் சாவடியில் ஒரு தாள் பொய்யானால் நான்கு பேருடைய பயணமும் அங்கேயே முடிந்துவிடும்.

கேசோன் சிட்டியும் கடலோரமும்

கேசோன் சிட்டியின் ஈஸ்ட் அவென்யூவில் புள்ளிவிவர ஆணையம் பிறப்பு, திருமணச் சான்றிதழ்களைத் தருகிறது. காலை வரிசையில் நிற்பவர்களுக்கு இரண்டு வாளிகளைத் தோளில் தூக்கிவருபவர் ‘தாஹோ’ விற்கிறார். நம் தாவ் ஹுவேதான், மேலே வெல்லப்பாகும் ஜவ்வரிசியும். சூடாக ஒரு குவளை குடித்தால் இன்னும் ஒரு மணி நேரம் நிற்கலாம்.

அடுத்தது பாரானாக்கே கடலோரத்தில் வெளியுறவுத் துறையின் அலுவலகம். முன்பு தாள்களுக்குச் சிவப்பு நாடா கட்டி முத்திரையிட்டு, பிறகு அந்தந்த நாட்டுத் தூதரகத்திலும் சான்று வாங்க வேண்டும். 2019 மே 14 முதல் ‘அப்போஸ்டில்’ என்ற ஒரே சான்று போதும். சிங்கப்பூரும் 2021 செப்டம்பரில் அந்த உடன்படிக்கைக்குள் வந்துவிட்டதால் ஒரு வரிசை குறைந்தது.

எந்தக் கடப்பிதழில் விண்ணப்பிப்பது? நால்வருக்கும் பிலிப்பீன்ஸ் கடப்பிதழ் என்று முடிவு செய்தார்கள். அப்போதுதான் பிள்ளைகளின் பெயரும் பெற்றோரின் பெயரும் சான்றிதழ்களோடு ஒத்துப்போகும். மகனுக்கும் மகளுக்கும் தட்டம்மை, தொண்டை அடைப்பான் தடுப்பூசிப் பதிவுகளையும் சேர்த்துக்கொண்டார்கள். வெளிநாட்டில் பிறந்த 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் சிங்கப்பூர் கேட்பது அது. அப்பாவுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று: வெளிநாட்டு வேலைச் சான்றிதழ். வேலைக்குப் போகும் தன் குடிமக்களை விமான நிலையத்திலேயே கணக்கெடுத்து அனுப்பும் நாடு அது.

இனி வரும் கேள்வி

மணிலா இரண்டு கடப்பிதழ்களையும் வைத்துக்கொள் என்கிறது. சிங்கப்பூர் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. பல ஆண்டுகள் கழித்து இங்கேயே வேர்விட்டால் எதையாவது விட்டாக வேண்டும். பெற்றோரின் வழியில் நிரந்தரவாசியானால் மகனுக்குத் தேசிய சேவையும் காத்திருக்கும். இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டையைப் பலர் குடியுரிமை என்று எண்ணுகிறார்கள். அது நீண்டகால விசா மட்டுமே, வாக்குரிமை தராது. ஊரோடு உள்ள உறவைத் தாளில் எவ்வளவு தூரம் நீட்டலாம் என்பதை ஒவ்வொரு நாடும் தன் விருப்பப்படிதான் அளக்கிறது.

ஆகவே புறப்படும் முன் குடும்பமாக உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது. எல்லாத் தாள்களிலும் ஒவ்வொருவர் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு, திரும்பிவர எந்தத் தாள் வேண்டும் என்று கேளுங்கள். அந்த இலோயிலோ பெண்மணி இரண்டாவது கேள்வியில் இருந்துதான் தொடங்கினார். அதனால்தான் தம் பயண ஏற்பாட்டில் இன்ட்ராமுரோஸை முதலில் வைத்தார்.