கொடிகாமத்து முருங்கையும் சாயநீரும்

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதி வழியே செல்வோர் நாவற்குழி, சாவகச்சேரி, மீசாலை ஆகிய ஊர்களைக் கடந்ததும் கொடிகாமத்தை அடைவர். வடக்கே வரணி வழியாகப் பருத்தித்துறைக்கும் தெற்கே கச்சாய்க்கும் இங்கிருந்து வீதிகள் பிரிகின்றன. 1990ஆம் ஆண்டில் நின்றுபோன புகையிரத சேவை 2014ஆம் ஆண்டில் மீண்டதால், புகையிரதத்திலும் இவ்வூருக்கு வரலாம். தென்மராட்சியின் வளத்தை ஓரிடத்திற் காண விரும்புவோர் கொடிகாமச் சந்தைக்கு ஒருமுறை சென்றாற் போதும். தேங்காயும் மாம்பழமும் பலாப்பழமும் அங்கே கண்ணுக்கு விருந்தாகும். அவற்றினிடையே கட்டுக்கட்டாக முருங்கைக்காயும் இருக்கும்.

பிஞ்சும் காயும் கறிக்கு உதவும். முற்றி மரத்திலேயே உலர்ந்த நெற்றையோ சமையலுக்கு எவரும் வேண்டார். ஆயினும் அந்த நெற்றினுள் இருக்கும் சிறகு முளைத்தாற் போன்ற விதைக்கு நீரைத் தெளிவிக்கும் ஆற்றல் உண்டு. சூடான் நாட்டில் நைல் நதியின் கலங்கல் நீரைப் பெண்கள் இவ்விதையால் தெளிவித்து வந்த முறையை, 1970களில் அறிவியலாளர் ஆராய்ந்து உலகறியச் செய்தனர். நமக்கும் இத்தகைய அறிவு புதியதன்று. தேற்றாங்கொட்டையால் நீர் தெளிவதைக் கலித்தொகையும் கூறுகின்றது.

இது நிகழும் வகை யாது? விதையின் பருப்பை இடித்துச் சிறிது நீரிற் கரைத்து வடிகட்டினால், அதிலுள்ள புரதம் நீருடன் வரும். அப்புரதம் நேர்மின்னேற்றம் உடையது. நீரிலுள்ள களிமண் துகள்களோ எதிர்மின்னேற்றம் உடையவை. இரண்டும் ஒன்றையொன்று ஈர்த்துத் திரண்டு, பஞ்சு போலாகி அடியிற் படியும். சீனக்காரம் செய்யும் வேலையும் ஏறத்தாழ இதுவே. துணிக்கு இடும் செயற்கைச் சாயங்களுட் பலவும் நீரில் எதிர்மின்னேற்றம் கொள்பவை. எனவே சாயநீரின் நிறத்தையும் முருங்கை விதை பெருமளவு அகற்றுவதை ஆய்வுகூடங்களிற் கண்டுள்ளனர்.

இச்செய்தி நமக்கு ஏன் வேண்டும்? சாயத்தொழில் யாழ்ப்பாணத்துக்குப் பழக்கமானதே. ஒல்லாந்தர் காலத்தில் இங்கே சாயவேர் அகழ்ந்து துணிக்குச் செந்நிறம் ஏற்றினர். கைத்தறி நூலுக்கும் பனையோலைக்கும் சாயமிடுதலை இக்காலத்தவரும் அறிவர். ஆனால் நம் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மணலும் சுண்ணக்கல்லும் உறிஞ்சித் தரும் மழைநீரே நம் கிணற்று நீர். முற்றத்தில் ஊற்றியது பிறிதொரு நாள் கிணற்றில் ஊறி வரக்கூடும்.

இதன் விளைவு எவ்வளவு கொடியதாகும் என்பதற்குத் தமிழ்நாட்டுத் திருப்பூரே சான்று. அங்குள்ள சாயப்பட்டறைகளின் கழிவு நொய்யல் ஆற்றிற் கலந்தது. பாசனத்திற்கென 1992இல் கட்டிமுடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாயிற்று. அந்நீர் வேண்டாம் என உழவரே மறுத்தனர். ஈற்றில் 2011ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது.

அங்கே பயிரைக் கெடுத்தது நிறம் மட்டுமன்று. பருத்தியிற் சாயம் பிடிப்பதற்காகச் சேர்க்கும் உப்பே பெருங்கேடு விளைத்தது. கரைந்த உப்பை முருங்கை விதை அகற்றாது. விதையிலிருந்து வரும் பிற பொருள்கள் தங்குவதால், தெளிந்த நீரும் நாட்பட்டாற் கெடும். அடியிற் படிந்த சாயச்சேற்றையும் கண்டவிடத்திற் கொட்டலாகாது. ஆதலின் முருங்கை விதை சாயநீரைத் தூய்மையாக்கும் பணியில் முதற்படியே, முழுப்பணியும் அன்று.

மாணவர்கள் இதனைத் தம் பாடசாலையிலேயே செய்து பார்க்கலாம். களிமண் கலங்கிய நீரை இரு கண்ணாடிக் குவளைகளில் எடுத்து, ஒன்றில் மட்டும் விதைக் கரைசலை ஊற்றிக் கலக்கி, இரண்டு மணி நேரம் அசையாமல் வைக்கவேண்டும். பின்னர், வேறொரு குவளைத் தெளிநீரில் ஒரு கரண்டி உப்பைக் கரைத்து அருகே வைத்துப் பார்க்கட்டும். அதுவும் பளிங்கு போலவே தோன்றும். ஆயினும் பயிருக்கு ஆகாது. தெளிந்த நீர் எல்லாம் தூய நீர் அன்று என்பதனைக் கிணற்றையே நம்பி வாழும் நாம் மறத்தலாகாது.