ஒன்பதாவது வெள்ளிக்கிழமை

"சார், இன்னிக்கு மூன்றரைக்கே கிளம்பணும். பரிகாரம் ஒண்ணு இருக்கு..." என்று பெர்மிஷன் கேட்டதும், எங்கள் சூபரின்டெண்ட் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஏழரையா? பேசாம ஒரு நடை திருநள்ளாறு போயிட்டு வந்துடுங்க. எள்ளு தீபம் ஏத்தினா சரியாப் போயிடும்."

"நான் கிறிஸ்டியன் சார்."

"இருந்தா என்ன? சனீஸ்வரர் ஜாதகத்தைத்தான் பார்ப்பார். பாப்டிசம் சர்ட்டிபிகேட்டையெல்லாம் கேட்க மாட்டார்!"

பெர்மிஷன் கொடுத்துவிட்டார். எங்கள் வீட்டுப் பரிகாரம் என்ன ரகம் என்று அவருக்கு விளக்க அன்றைக்கு நேரமில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

கத்தோலிக்கர் வீட்டுக்குப் போனால் கூடத்தில் ஒரு படம் பார்த்திருப்பீர்கள். இயேசுவின் நெஞ்சில் ஒரு இதயம், அதைச் சுற்றி முள்முடி, மேலே தீ. திரு இருதய ஆண்டவர். 1673-லிருந்து 1675 வரை பிரான்சில் பாரே-லெ-மோனியல் என்ற ஊரில், மார்கரீத் மரியாள் என்ற கன்னியாஸ்திரீக்கு இயேசு இந்தக் கோலத்தில் காட்சி கொடுத்தார் என்பது நம்பிக்கை. தான் இவ்வளவு நேசித்தும் மனிதர்கள் தன்னை அலட்சியம் செய்கிறார்களே என்று வருத்தப்பட்டாராம். அந்த அலட்சியத்துக்கு ஈடு கட்ட, மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பூசை பார்த்து நற்கருணை வாங்க வேண்டும். தொடர்ந்து ஒன்பது மாதம். இதற்குப் பெயர்தான் நிந்தைப் பரிகாரம். ஊரார் செய்த தப்புக்கும் சேர்த்து நாம் வருத்தப்படுவது.

இன்னொன்றும் உண்டு. பாத்திமாவில் 1917-ல் மாதாவின் காட்சி கண்ட மூன்று பிள்ளைகளில் ஒருத்தி லூசியா. 1925 டிசம்பரில் ஸ்பெயினில் மாதா அவருக்கு மறுபடியும் தோன்றி, ஐந்து மாதம் முதல் சனிக்கிழமைகளைப் பரிகாரமாகக் கேட்டாராம். பாவசங்கீர்த்தனம், நற்கருணை, 53 மணி ஜெபம், கூடவே கால் மணி நேரத் தியானம். முதல் மூன்றும் எனக்குக் கைவந்துவிட்டது. தியானத்தில்தான் மனைவி முழங்கையால் இடிப்பாள். குறட்டை சத்தம் கோயிலில் எதிரொலிக்கிறதாம்!

எங்கள் அம்மா இந்த இரண்டையும் குடும்பம் முழுவதற்குமாக எடுத்துவிட்டார். அப்பா, அம்மா, நான், மனைவி, நாலாவது படிக்கும் பையன்... அத்தனை பேரும் வந்தாக வேண்டும். நடுவில் ஒரு வெள்ளி விட்டுப்போனால் மறுபடி ஒன்றிலிருந்து. பரமபதம் மாதிரிதான். முதல் தடவை நாலாவது வெள்ளியில் பையனுக்கு அம்மை போட்டது. இரண்டாவது தடவை ஆறாவது வெள்ளியில் எங்கள் ஆபீசுக்கு ஆடிட்டர் வந்து உட்கார்ந்தார். சறுக்கி விழுந்தோம். மூன்றாவது தடவையாக, திரு இருதய மாதமான ஜூனில் தாயம் போட்டோம். இந்த முறை எட்டு வெள்ளி ஏறிவிட்டோம்!

இதோடு தினமும் ராத்திரி எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். டி.வி. அணைக்கப்படும். ஜெபமாலை முடிந்ததும் அம்மா பரிகார லிஸ்டை எடுப்பார். "குடியால கெட்டுப்போறவங்களுக்காக... பூசை பார்க்காதவங்களுக்காக... கோயில் பக்கமே வராத எங்க பெரிய மாப்ளைக்காக..."

இந்த இடத்தில் நான் மட்டும் கொஞ்சம் சத்தமாகவே "ஆமென்" சொல்வேன்.

பெரிய மாப்பிள்ளை என்றால் அக்கா வீட்டுக்காரர். திருவொற்றியூரில் குடியிருக்கிறார். 2019-ல் அவர் சீட்டு எடுத்த பணத்திலிருந்து நாற்பதாயிரம் ரூபாய் கைமாத்தாக வாங்கினேன். "ஆறு மாசம் மாமா" என்றேன். வீட்டுக்குத் தெரியாது. அந்தப் பணத்தில் பைக் வாங்கிவிட்டு, போனஸ் பணம் என்று சொல்லிக்கொண்டேன். 2020-ல் கொரோனா வந்தது. எண்ணூர் பக்கம் கான்ட்ராக்டில் பார்த்துக்கொண்டிருந்த வேலை அவருக்குப் போயிற்று. ஷேர் ஆட்டோ ஓட்ட ஆரம்பித்தார். ஒரே ஒரு தடவை, "மச்சான், அந்தப் பணம்..." என்று தயங்கிக் கேட்டார். "அடுத்த மாசம் மாமா" என்றேன். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். அக்கா மட்டும் பண்டிகைக்குப் பண்டிகை வந்து, "அவருக்கு சவாரி இருக்கும்மா" என்று சமாளிப்பாள்.

'மாப்பிள்ளை ஏன் வருவதில்லை' என்று அம்மா கேட்டபோது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆட்டோ ஓட்டுறதால கௌரவம் பார்க்கிறார்மா..."

போதாதா? அன்றிலிருந்து அம்மாவின் லிஸ்டில் அவர் பெயர் நிரந்தரமாகிவிட்டது. என் பாவத்துக்கு அவர் பெயரில் பரிகாரம் நடந்துகொண்டிருந்தது. நானும் கூட முழங்காலில் நின்றேன்.

ஜனவரியில் ஒரு ராத்திரி, ஜெபம் முடிந்ததும் பையன் கேட்டான். "ஆயா, தப்பு பண்ணது அவங்க. நாம ஏன் ஸாரி சொல்லணும்?"

அம்மா திணறினார். பதில் சொன்னது அப்பா. ஹார்பரில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வேதபாடம் நடத்துகிற ஆள் கிடையாது.

"2017 ஜனவரியில எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியில ரெண்டு கப்பல் மோதிக்கிச்சுடா. எண்ணெய் கொட்டி, கரையெல்லாம் தாரு மாதிரி ஒட்டிக்கிச்சு. காலேஜ் பசங்க, மீன்பிடிக்கிறவங்க எல்லாம் பக்கெட்ல அள்ளினாங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தப்போ கொசஸ்தலை ஆத்துல எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் பூரா பரவிச்சு. அப்பவும் நம்ம ஆளுங்கதான் படகுல போய் அள்ளினாங்க. கொட்டினது அவங்களா? இல்லை. ஆனா கடல் நம்மளுது. 'நான் கொட்டலை'ன்னு கரையில நின்னுக்கிட்டிருந்தா யாருடா அள்ளுறது? பரிகாரம்னா அதுதான்."

எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. பையன் விடவில்லை.

"சரி தாத்தா, எண்ணெயைக் கொட்டினதே நாமளா இருந்தா?"

"அப்ப பக்கெட்டைத் தூக்காதே. முதல்ல போய் உன் பைப்பை அடை."

எனக்குத் தூக்கம் போய்விட்டது.

மறுநாளே ஆபீஸ் சொசைட்டியில் லோனுக்கு எழுதிக் கொடுத்தேன். பிப்ரவரி முதல் வாரம் பணம் கைக்கு வந்தது. அப்படியும் தைரியம் வரவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். நாலு ஜெபமாலை சொல்லச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். ஃபாதர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "பணத்தைக் கொடுத்துட்டீங்களா?"

"இன்னும் இல்லை ஃபாதர்."

"மறைந்த போப் பிரான்சிஸ் 2024 அக்டோபர்ல திரு இருதயத்தைப் பத்தியே 'டிலெக்சித் நோஸ்'னு ஒரு மடல் எழுதினார். அதுல பரிகாரத்தைப் பத்தியும் சொல்றார். உள்ளுக்குள்ள வருத்தப்பட்டா மட்டும் பத்தாது, வெளியில செஞ்சு காட்டணும், போய் மன்னிப்புக் கேட்கணும்... இதான் சாரம். காணிக்கையைப் பீடத்து முன்னாடி வெச்சுட்டு முதல்ல சகோதரன்கிட்ட போன்னு ஆண்டவரே சொல்லியிருக்காரே. போயிட்டு வாங்க."

ஆக, அந்த வெள்ளிக்கிழமை மூன்றரைக்குப் பாரிமுனையிலிருந்து கிளம்பினேன். அதே பைக்! என் திட்டம் சுலபமானது. ஐந்து மணிக்குள் பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். ஆறரை மணிப் பூசைக்கு ராயபுரம். ஒன்பதாவது வெள்ளியையும் விடக் கூடாதே! கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து நாலரைக்குத் திருவொற்றியூர் போய்ச் சேர்ந்தேன்.

மாமா வீட்டில் இல்லை. "சவாரியில இருக்காருடா, ஆறு மணி ஆகும்" என்றாள் அக்கா. எதற்கு வந்தேன் என்று கேட்கவில்லை. அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு முதலிலிருந்தே தெரியும். அம்மாவிடம் தம்பியின் மானம் போகக் கூடாதென்று, புருஷன் பெயர் கெடுவதைப் பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

பணத்தை அவளிடம் கொடுத்துவிட்டு ஓடிவிடலாம். பூசை கிடைத்துவிடும். கடிகாரத்தைப் பார்த்தேன். உட்கார்ந்துவிட்டேன்.

ஆறேகாலுக்கு மாமா வந்தார். காக்கிச் சட்டையில் வியர்வை. ஒல்லியாகியிருந்தார். கவரை நீட்டினேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனம் எதுவும் வரவில்லை. "மாமா, உங்களைப் பத்தி வீட்டுல தப்பா சொல்லிட்டேன்" என்பது மட்டும்தான் வந்தது.

கவரைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சொன்னார்: "சகேயு நாலு மடங்கா திருப்பிக் கொடுத்தான் மச்சான். நீ ஒரு மடங்குக்கே ஆறு வருஷமா?"

கோயில் பக்கமே வராதவர் என்று நாங்கள் ஜெபித்த மனிதர்!

நான் சிரிப்பதா, அழுவதா என்று தெரியாமல் நின்றேன். "உட்காரு. வெள்ளிக்கிழமை, கறி இல்லை. நெத்திலி வறுத்திருக்கா" என்று தட்டை வைத்தார். சாப்பிட்டேன். ஆறரை மணி அங்கேயே கடந்துபோயிற்று.

திரும்பும் வழியில் ஒன்று தோன்றியது. ராயபுரம் என்ற பெயரே ராயப்பரால் வந்தது. பேதுருவைத்தான் பழைய தமிழில் ராயப்பர் என்பார்கள். துறைமுகம் கட்டாத காலத்தில் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே அலையில் படகு விட்டவர்கள், தங்களைப் போலவே கடலை நம்பிப் பிழைத்தவருக்கு இங்கே கோயில் கட்டினார்கள். அந்த ராயப்பர் கோழி கூவுவதற்குள் மூன்று தடவை பொய் சொன்னவர். அவரை ஆண்டவர் மறுபடி கூப்பிட்டதும் ஒரு கரையில்தான். மீன் கொடுத்துச் சாப்பிட வைத்துவிட்டுத்தான் கேள்வியே கேட்டார்.

வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். "ஒன்பதாவது வெள்ளிடா! இப்படிப் பண்ணிட்டியே..."

எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே போய்ப் படுத்துவிட்டார். மனைவி பைக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.

மறுநாள் எட்டு மணி ஜெபம். ஜெபமாலை முடிந்தது. லிஸ்ட் ஆரம்பமாயிற்று. "குடியால கெட்டுப்போறவங்களுக்காக... பூசை பார்க்காதவங்களுக்காக..." ஒரு நிமிஷம் நிறுத்தினார். "வாங்கின கடனை மறந்து, அடுத்தவங்க மேல பழி போட்ட என் மகனுக்காக..."

"ஆமென்!"

தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னவன் என் பையன்.

திங்கட்கிழமை சூபரின்டெண்ட் அக்கறையாக விசாரித்தார்: "என்னய்யா, பரிகாரம் நல்லபடியா முடிஞ்சுதா?"

"இல்லை சார். மறுபடி ஒண்ணுல இருந்து. இப்பதான் ஆரம்பிக்குது" என்றேன்.